லெட்டர் இருக்கா?

பெறுநர்: சென்னையின் பழைய அரண்மனைகளையும் மாளிகைகளையும் கைவசம் வைத்திருக்கும் அரசுத் துறைகளின் உயர் அலுவலர்கள்

பொருள்: உள்ளே விடுவது – தொடர்பாக

பார்வை: சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசற்காவலர் வாய்மொழியாகச் சொன்னது

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் 31 வருஷம் அரசுப் பணியில் இருந்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பொருளும் பார்வையும் போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 31 வருஷத்தில் பாதிக்கு மேல் ஒரு பழைய மாளிகையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். எந்த மாளிகை, எந்தத் துறை என்று இங்கே எழுதப்போவதில்லை. வாசலில் இருந்த பையனுக்கு என்னால் ஒரு மெமோ போக வேண்டாம்.

நடந்தது இதுதான். என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், ஊரிலிருந்து வந்திருந்தார். காரைக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் முழங்கால் வலி என்று ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நீ இத்தனை வருஷம் தினம் போய் உட்கார்ந்துட்டு வந்தியே, அந்த இடத்தை ஒரு தடவை காட்டேன்" என்றார். ஓய்வூதியர் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே கிளம்பினோம்.

வாசலில் புதிதாக ஒரு தம்பி. "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். யாரையும் பார்க்க வேண்டாம்ப்பா, கட்டடத்தைப் பார்க்கணும் என்றேன். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. ஆளைப் பார்க்க வருகிறவர்களை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நோட்டில் பெயர் எழுதச் சொல்லலாம், உட்கார வைக்கலாம், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பலாம். கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லெட்டர் இருக்காம்மா? மேலிடத்துலேர்ந்து லெட்டர் இருந்தா விடலாம்" என்றார். அந்த லெட்டரை யாரிடம் வாங்குவது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம்.

திரும்பும்போது அண்ணி வாசல் தூணருகே நின்றுவிட்டார். தூணின் அடியில் பெயின்ட் உரிந்த ஓர் இடம் இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "முட்டை வெள்ளைக்கரு போட்ட பூச்சு இது. எங்க வீட்டு வளவுலேயும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் ஊர்ப்பக்கம் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில வீட்டுக்காரர்கள் சின்னதாக ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம் வரைக்கும் ஆட்களை உள்ளே விடுகிறார்கள். "அங்கே சொந்த வீட்டையே திறந்து காட்டுறாங்க. இது யாரு வீடு?" என்று கேட்டார். நவாப் வீடு என்பதா, வெள்ளைக்காரன் வீடு என்பதா, அரசாங்கத்து வீடு என்பதா? பதில் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அண்ணி தொட்டுப் பார்த்த அந்தப் பூச்சைப் பற்றி எனக்கு ஒரு கதை உண்டு. என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய தூண். இரண்டு பேர் கையைக் கோத்துக் கட்டிப்பிடித்தாலும் எட்டாது. அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோ, பீரோவின் தலையில் கூரையை நோக்கிக் கோப்புக் கட்டுகள். ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகித் தூணில் ஒரு கையளவு வண்ணம் பொரிந்து விழுந்தது. மேலே அரசாங்க மஞ்சள். அதற்குக் கீழே ஒரு பச்சை, அப்புறம் ஒரு மங்கல் நீலம், அதற்கும் கீழே வெறும் சுண்ணாம்பு அடித்த பட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் சங்கின் உள்பக்கம் மாதிரி மினுமினுவென்று ஒரு வெள்ளை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது. அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை மே மாத மதியங்களில் பின்னந்தலையை அந்த ஒரு கையளவு இடத்தில் சாய்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவ்வளவு குளிர்ச்சி.

அதற்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் சென்னை வீடுகளின் தூண்களைப் பளிங்கு என்று நினைத்து ஏமாந்து, ஊருக்கு எழுதிய கடிதங்களில் வியந்திருக்கிறார்கள். இந்த ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன சரக்கு அது. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தொட்டுப் பார்க்க ஒரு வாசல் தூண் உரிய வேண்டியிருக்கிறது.

சரி, என் கதை போதும். உங்கள் கையில் என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்கே ஒரு தடவை நினைவுபடுத்துகிறேன்.

சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக எழுந்தது. கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த பால் பென்ஃபீல்ட் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதே பென்ஃபீல்ட் நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களில் ஒருவர். நவாபின் கடன் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1785-ல் அந்த நாடாளுமன்றத்து உறுப்பினர் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். வட்டி கட்டியே ஒரு ராஜ்ஜியம் கரைந்துபோன கதை அது. 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். பட்டத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அதை அரசாங்கமே எடுத்து அலுவலகம் வைத்தது. அன்றைக்கு உள்ளே போன மேசைகள் இன்னும் முழுக்க வெளியே வரவில்லை என்றே சொல்லலாம்.

பீச் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து அதுதான் அரண்மனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நவாப் காலத்தது இல்லை. அரண்மனையின் இரண்டு பகுதிகளான கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவே கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் பிற்பாடு எழுப்பியது. இரண்டு மகால்களையும் அவற்றைச் சுற்றி முளைத்த கட்டடங்கள் மறைத்துவிட்டன. நவாபின் தோட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானமே அந்தத் தோட்டத்து நிலத்தில்தான் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பல்லாயிரம் பேர் நவாபின் தோட்டத்துக்குள் போய் வருகிறார்கள். வீட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர்?

2012 பொங்கல் சமயத்தில் கலச மகால் எரிந்தது. கூரை விழுந்தது, கோப்புகள் சாம்பலாயின, தீயை அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரை விட்டார். அத்தனை நெருப்புக்கும் சுவர்கள் நின்றன. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, வழக்கு நடந்து, கடைசியில் பழைய முறையிலேயே சுண்ணாம்பும் தேக்கும் வைத்து மீட்டெடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவே இந்தக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து சாந்து அரைப்பதை மறந்தே போயிருந்த நகரத்தில் அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கட்டியது பெரிய காரியம். ஆனால் கட்டி முடித்ததும் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தீர்கள். வழக்கு இருந்தால் அரண்மனையைப் பார்க்கலாம். எனக்கு வழக்கு எதுவும் இல்லையே.

ராஜாஜி மண்டபத்துக்கு வருகிறேன். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். உடலைப் பார்க்க அந்த வரிசையில் நானும் நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த மண்டபத்துக்கு அவ்வளவு அருகில் நான் போனதில்லை. படிகள் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. தலையை நிமிர்த்தித் தூணைப் பார்க்கும் மனசு அன்றைக்கு யாருக்கு இருந்தது? அதற்கு முன்னால் காமராஜர், பின்னால் ஜெயலலிதா, கருணாநிதி. நம் ஊரின் மிக அழகான மண்டபம் பொதுஜனத்துக்குத் திறப்பது பெரிய சாவுக்குத்தான் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அந்தப் படிகளைத் தெரியும், டி.வி.யில் பார்த்திருப்பார்கள். உள்ளே கூரை எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது.

இத்தனைக்கும் அதைக் கட்டியவர் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? ஜான் கோல்டிங்ஹாம். அவருடைய முதல் வேலை கட்டடம் கட்டுவது கிடையாது. மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போட்டவர். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் சொல்லி, வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் இடையிலான நேரத்தை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தவர். அவரைக் கூப்பிட்டு, பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஜெயித்ததற்கு ஞாபகமாக ஒரு விருந்து மண்டபம் கட்டச் சொன்னார் கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிளாசியில் ஜெயித்த கிளைவின் மகன். 1802-ல் மண்டபம் முடிந்தது. திப்பு சுல்தானைக் கொன்றதைக் கொண்டாடக் கட்டிய மண்டபத்தில்தான் நாம் நம் தலைவர்களுக்கு அழுதிருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் படியில் உட்கார வைத்து இதைச் சொன்னால் ஒரு வருஷத்துச் சரித்திரப் பாடம் அரை மணி நேரத்தில் மண்டையில் ஏறும்.

பக்கத்திலேயே கவர்னர்கள் வாழ்ந்த அரசினர் மாளிகை இருந்தது. புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அதை இடித்தார்கள். 2010-ல் திறந்த அந்த வளாகம் 2014-லிருந்து மருத்துவமனை. மருத்துவமனை நல்லதுதான், என் சொந்தக்காரர் ஒருவருக்கு அங்கே வைத்தியம் நடந்திருக்கிறது. ஆனால் இடித்தபோது ஊரில் பெரிதாக யாரும் வருத்தப்படவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இருந்தால்தானே வருத்தப்பட? கதவைத் திறந்து காட்டாத வீட்டுக்கு எழவு கேட்க ஆள் வராது. 2003-ல் கடற்கரையில் இராணி மேரிக் கல்லூரியை எடுத்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாகச் சொன்னபோது மாணவிகள் விடாமல் போராடினார்கள், திட்டம் நின்றது. அந்தப் பெண்கள் தினமும் அதற்குள் நடந்தவர்கள்.

இன்னும் இருக்கின்றன. கோட்டைக்குள் ராபர்ட் கிளைவ் குடியிருந்த வீடு. ஆர்மீனிய வணிகர் ஒருவருக்குச் சொந்தமானதை வாடகைக்குப் பிடித்தது, இப்போது இந்தியத் தொல்லியல் துறை அலுவலகம். அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகை. ஆற்றுக்காகவே ஆற்றோரம் வீடு கட்டிய மனிதர் அந்த ஆற்றிலேயே படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அங்கே இசைப் பல்கலைக்கழகம் நடக்கிறது, வீணைச் சத்தம் கேட்கும் வீடாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. நுங்கம்பாக்கத்தில் டவ்டன் மாளிகை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் கையில் இருக்கிறது, அதைப் பற்றி உங்களைக் கேட்க முடியாது. அமீர் மகாலில் ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்னமும் வாழ்கிறது. வாழ்கிற வீட்டில் நுழைந்து எட்டிப் பார்க்க ஆசைப்படுவது நாகரிகம் இல்லை. நான் கேட்பது உங்கள் சாவிக்கொத்தில் இருப்பவற்றை மட்டும்.

அன்றைக்கு ஆட்டோ எங்களை ஐஸ் ஹவுஸில் இறக்கிவிட்டது. 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய கிடங்கு, அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் வீடு, 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடம், பிறகு பெண்கள் விடுதி, இப்போது கண்காட்சி. டிக்கெட் வாங்கினோம், மாடி ஏறினோம், ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்தோம். அண்ணி கீழே இறங்கி மறுபடியும் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானே கேட்டோம்?" என்றார். இந்தக் கட்டடமும் அரசாங்கத்துச் சொத்தாக இருந்ததுதான். மனசு வைத்தால் நடக்கும்.

பாதுகாப்பு என்பீர்கள், தெரியும். கோப்புகள் என்பீர்கள். கோப்பு எப்படிக் கிடக்கும் என்று எனக்கே நீங்கள் சொல்ல வேண்டாம். என் மகன் டெல்லியில் வேலை பார்த்தபோது குடியரசுத் தலைவர் மாளிகைக்குக் கூட்டிப் போனான். கம்ப்யூட்டரில் பதிவு செய்து, ஆளுக்கு 50 ரூபாய் கட்டி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். 340 அறை கொண்ட வீடு, நாட்டின் முதல் குடிமகன் குடியிருக்கும் வீடு. தர்பார் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அவரை விடப் பெரிய ரகசியம் நம் பீரோவில் என்ன இருந்துவிடப்போகிறது? பிரான்சில் 1984-லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில், ஜனாதிபதி மாளிகை உட்பட அரசுக் கட்டடங்களை ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலில் 1970 வரை ஜில்லா கோர்ட்டு நடந்தது. கோர்ட்டை வேறு இடத்துக்கு மாற்றினோம், மகாலைத் திறந்தோம். இன்றைக்கு அந்தத் தூணைப் பார்க்காமல் மதுரையிலிருந்து திரும்புகிற பள்ளிக்கூடச் சுற்றுலா உண்டா? தக்கலை பத்மநாபபுரம் அரண்மனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் பராமரிப்பது கேரள அரசு. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடந்தவர்கள் அந்த வழுவழுப்பை மறக்க மாட்டார்கள். அங்கேயும் முட்டை வெள்ளைக்கருதான்.

கோர்ட்டை மாற்றியது போல எல்லா அலுவலகத்தையும் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடப்பதற்குள் நான் இருக்க மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, இருபது இருபது பேராக உள்ளே விடுங்கள். கோப்பு இருக்கும் அறைகளைப் பூட்டிக்கொள்ளுங்கள். தாழ்வாரம், மாடிப்படி, பெரிய கூடம், மொட்டை மாடி போதும். கட்டணம் வையுங்கள், கொடுப்போம். வழிகாட்டிக்கு எங்கே போவது என்று கேட்டால், எங்களைக் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்ற எழுத்தர்கள், டபேதார்கள் என்று இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம். எந்தப் படி ஆடும், எந்த ஜன்னலில் கடல் தெரியும், எந்தக் கூரையில் இன்னும் மரச்சட்டத்தின்மேல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் செங்கல் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். கோட்டைக்குப் போகும் சுரங்கப்பாதை ஒன்று இருப்பதாக எங்கள் டபேதார் சத்தியம் செய்வார். எல்லாப் பழைய கட்டடத்துக்கும் இப்படி ஒரு சுரங்கப்பாதை உண்டு. நான் பார்த்தவரை அதில் போய் வந்தது பெருச்சாளிதான். இருந்தாலும் அந்தக் கதையையும் சேர்த்தே சொல்வோம்.

வாசலில் ஒரு பலகை வையுங்கள், தமிழில். இப்போது உள்ளே படிப்பதற்கு இருப்பது திறப்பு விழாக் கல்வெட்டுகள் மட்டுமே. எந்த அமைச்சர் முன்னிலை, எந்த அமைச்சர் தலைமை என்று பதினைந்து வரி. கட்டியது யார், எதற்கு, எதைக் கொண்டு என்று ஒரு வரியைக் காணோம்.

இன்னொன்று. ஹுமாயூன் மகாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் என்று அரசு அறிவித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அருங்காட்சியகம் என்றாலே சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஜன்னலை மறைத்து, ஏசி போட்டு, விளக்கு வைத்துவிடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கலாம், வீட்டைப் பார்க்க முடியாது. அங்கே ஒரே ஒரு அறையைச் சும்மா விட்டுவையுங்கள். படம் வேண்டாம், பெட்டி வேண்டாம், ஃபேன்கூட வேண்டாம். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும், உயரமான கூரையும், திறந்த ஜன்னலும் இருக்கட்டும். கடல்காற்று வந்தால் வரட்டும். ஒரு பெஞ்சு போடுங்கள், சுவரை ஒட்டி. வயசானவர்கள் பின்னந்தலையைச் சாய்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

2012-ல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று சட்டமன்றம் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மவுண்ட் ரோட்டில் இருக்கும் பழைய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இடிக்காமல் இருப்பதற்கு இத்தனை ஏற்பாடு இருக்கிறது. திறப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். மாதிரி வரைவு வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், கை இன்னும் மறக்கவில்லை.

அண்ணி அடுத்த தை மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறுபடியும் சென்னை வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்

நகல்: வாசலில் இருக்கும் தம்பிக்கு – தகவலுக்காக. நீங்கள் கேட்ட லெட்டர் இதுதான்ப்பா. மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வரட்டும், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.